மாஸ் எஃபெக்ட் 2: ஆட்களை அறிந்து ஆடுவது எப்படி

பயோவேர் உருவாக்கி 2010-இல் வெளிவந்த மாஸ் எஃபெக்ட் 2 என்ற விண்வெளி வீடியோ கேமின் மூலக்கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். கலெக்டர்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகள் மனிதக் குடியிருப்புகளைச் சூறையாடுகிறார்கள்; நீங்கள் ஆடும் பாத்திரமான ஷெப்பர்ட் ஆள் திரட்டிக்கொண்டு அவர்கள் இருப்பிடத்துக்கே போக வேண்டும். கேமின் உயிர் அந்த ஆட்களிடம்தான் இருக்கிறது. கடைசி மிஷனில் யார் பிழைப்பார் என்பதும், அவர்களை எவ்வளவு புரிந்துகொண்டீர்கள் என்பதைப் பொறுத்ததே. முதல் முறை ஆடும்போது கேமுக்குள்ளேயே இருக்கும் தகவல் களஞ்சியமான கோடெக்ஸை ஒதுக்கி வையுங்கள். க்ரோகன் என்ற வேற்றினத்தின் பிறப்பைக் குறைக்கும் ஜெனோஃபேஜ் என்ற செயற்கை நோயைப் பற்றி அதில் படிப்பதைவிட, அதை உருமாற்றும் வேலையில் பங்கெடுத்த விஞ்ஞானி மார்டின், க்ரோகன்களின் கிரகமான டுச்சாங்காவில் ஒரு க்ரோகன் பெண்ணின் சடலத்தின் முன் நின்று பேசுவது பல மடங்கு புரியவைக்கும்.

(இனி வருவதில் முடிவு வரைக்கும் ஸ்பாய்லர் உண்டு.)

ஒவ்வொரு பெரிய மிஷன் முடிந்ததும் உங்கள் கப்பலான நார்மண்டியை ஒரு சுற்றுச் சுற்றி எல்லோரிடமும் பேசுங்கள். கேரஸ் "காலிபரேஷன்" என்று தட்டிக்கழித்தால் புதுப் பேச்சு இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். ஓரிரண்டு மிஷன் கழித்து மறுபடி போங்கள். கப்பலைக் காக்கும் அப்கிரேடுகளும் இந்தப் பேச்சில்தான் வருகின்றன: கவசம் ஜேக்கப் சொல்வது, ஷீல்டு டாலி சொல்வது, தானிக்ஸ் பீரங்கி கேரஸ் சொல்வது. மூன்றில் ஒன்று குறைந்தாலும், போய்ச் சேருமுன்பே ஒருவர் சாவார். கவசம் இல்லையென்றால் அது ஜாக்.

ஒவ்வொரு தோழரின் விசுவாசத்தையும் பெறுவதற்கென்று இருக்கும் லாயல்டி மிஷனை முடித்தால் மட்டும் விசுவாசம் கிடைத்துவிடாது. டாலியின் விசாரணையில் அப்பாவின் குற்றத்துக்கான ஆதாரத்தைக் காட்டினால் அவள் நாடுகடத்தலிலிருந்து தப்புவாள், ஆனால் உங்களை மன்னிக்க மாட்டாள். காட்டாதீர்கள் என்று அவளே கெஞ்சியிருக்கிறாள். அந்த வேண்டுகோளை மதித்து, ஆதாரம் இல்லாமலே வாதாடி ஜெயிக்கப் பாருங்கள். பின்னர் மிராண்டாவும் ஜாக்கும், டாலியும் லீஜியனும் கப்பலிலேயே மோதிக்கொள்வார்கள். இருவரையும் தக்கவைக்க பாராகன் (நல்லவன்) புள்ளிகள் திறக்கும் நீல வசனமோ, ரெனிகேட் (முரடன்) புள்ளிகள் திறக்கும் சிவப்பு வசனமோ தேவை. பாராகன், ரெனிகேட் இரண்டையும் கலந்துகட்டி ஆடியவர்களுக்கு இரண்டுமே பூட்டிக் கிடக்கும். ஆகவே தொடக்கத்திலிருந்தே ஒரு பக்கம் நில்லுங்கள்.

அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் ரீப்பர் ஐஎஃப்எஃப், அதாவது கலெக்டர்கள் இருப்பிடத்துக்கு வழிவிடும் ஒமேகா 4 ரிலேவைக் கடக்கத் தேவையான கருவி. அதை எடுக்கப் போகுமுன் மற்றவர்களின் லாயல்டி மிஷன்களை முடித்துவிடுங்கள். எடுத்ததும் லீஜியனை எழுப்பி, அவன் மிஷனை மட்டும் செய்யுங்கள். கப்பல் ஊழியர்கள் கடத்தப்பட்டதும் நேரே ஒமேகா 4 ரிலேவுக்குள் போய்விட வேண்டும். இடையில் ஒரு மிஷன் செய்தாலே ஊழியர்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

கடைசி மிஷனில், முன்வருபவரை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். குழாய்க்குள் போக ஜேக்கப் துணிவார். அது டாலி, லீஜியன், கசுமி ஆகியோர் செய்யக்கூடிய வேலை. பூச்சிக்கூட்டத்தைத் தடுக்கும் பயோட்டிக் கவசத்தைத் தாங்க எந்த பயோட்டிக்கும் (மனசக்தி கொண்டவர்) போதும் என்பாள் மிராண்டா. நம்ப வேண்டாம்: ஜாக் அல்லது சமாராவால்தான் (சமாராவுக்குப் பதில் மோரின்த்தைச் சேர்த்திருந்தால் அவளாலும்) முடியும். வேறு யாரை வைத்தாலும், உங்களோடு நடப்பவர்களில் ஒருவரைப் பூச்சிக்கூட்டம் தூக்கிக்கொண்டு போகும். இரண்டாம் அணிக்குத் தலைமை தாங்க கேரஸ், ஜேக்கப், மிராண்டா மூவரில் ஒருவர். குழாய்க்குள் சரியான ஆளை அனுப்பியும் அணித்தலைவர் தவறானவர் என்றால், கதவை மூடும் நேரத்தில் ராக்கெட் பட்டுச் சாவது குழாய்க்குள் போனவர்தான்.

மீட்ட ஊழியர்களோடு மார்டினை அனுப்பிவிடுங்கள். பின்னால் நின்று தடுப்பவர்களின் பலத்தைக் கேம் சராசரி போட்டுப் பார்க்கிறது. மார்டின், டாலி, ஜாக், கசுமி நால்வரும் அந்தக் கணக்கில் மிகக் குறைவு, க்ரண்ட், கேரஸ், ஜயீத் மூவரும் மிக அதிகம். ஆகவே இந்த மூவரையும் அங்கே நிறுத்தி, டாலியையும் ஜாக்கையும் கடைசிச் சண்டைக்கு உங்களோடு அழைத்துப் போங்கள். விசுவாசம் இல்லாதவரை அழைத்துப் போனால் அவர் திரும்பி வர மாட்டார்.