டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்குப் பரதம்: எங்கிருந்து தொடங்குவது?

"டீச்சர், எங்க பொண்ணுக்கு இது வருமா?" என்று தயங்கிக் கேட்கும் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். வரும். பாடம் தொடங்கும் வரிசை மட்டும் கொஞ்சம் வேறு.

முதலில் டாக்டர். இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கிறது. சிலருக்குக் கழுத்தின் உச்சியில் உள்ள இரண்டு எலும்புகளுக்கும் இடையில் பிடிப்பு தளர்வாக இருக்கும். இவற்றைப் பார்த்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை, முன்பாதத்தில் குதித்து ஆடும் குதித்து மெட்டடவையும் கழுத்து அசைவுகளையும் நான் தொடுவதே இல்லை. கழுத்து வலித்தாலோ நடை தள்ளாடினாலோ ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள்.

முட்டிகளைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டிக்கு அவசரப்படாதீர்கள். மூட்டுகள் இளகியவை என்பதால் குழந்தை சுலபமாக வளைந்து உட்கார்ந்துவிடும். பார்க்க அழகுதான், ஆனால் அந்தப் பாரத்தை முட்டி தாங்காது. கால்களைச் சற்று அகட்டி நிமிர்ந்து நிற்கட்டும். முடியாதவள் நாற்காலியில் உட்கார்ந்தே தட்டட்டும். அடவு, அதாவது அடிப்படை ஆட்ட அசைவு, குழந்தைக்காக வளையலாம், தாளம் மட்டும் தப்பக் கூடாது. அவளுக்கு நாம் தரும் பெரிய சொத்து அதுதான்.

பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவில் முதலாவது போதும். தட்டுக்கழியால் தட்டி, "தையா தை" என்று முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், சொல்லுங்கள். அவளையும் சொல்ல வையுங்கள். பாதிச் சொல்தான் வந்தாலும் வரட்டும். இவர்களில் பலர் கேட்டுப் புரிந்துகொள்வதைவிடப் பார்த்து நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் விளக்கத்தைக் குறைத்து, எதிரே நின்று ஆடிக் காட்டுங்கள். அவள் வலது காலைத் தட்ட வேண்டுமானால் நீங்கள் இடது காலைத் தட்ட வேண்டும். காட்டிவிட்டுக் காத்திருங்கள். பதில் மெதுவாகத்தான் வரும். அதற்குள் அடுத்த அசைவுக்குத் தாவினால் அவள் விட்டுவிடுவாள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி முத்திரைகள். அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூல் சொல்லும் ஒற்றைக்கை முத்திரைகள் 28. அவற்றில் நான்கை எடுத்துக்கொள்கிறேன். முஷ்டியில் கையை இறுக்கி, அலபத்மத்தில் விரல்களை விரிக்க வேண்டும். மாற்றி மாற்றிச் செய்தால் உள்ளங்கைக்கு நல்ல வேலை. முகுளத்தில் ஐந்து விரல் நுனியும் சேரும், சோற்றை எடுப்பதும் அப்படித்தானே? ஹம்சாஸ்யத்தில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தொட வேண்டும். சட்டைப் பொத்தானைப் பிடிக்கவும் இதே பிடிதான் வேண்டும். பாட்டி வீட்டில் இட்லி சாப்பிடுவதாக ஒரு சின்ன அபிநயம் சேர்த்தால், முகபாவமும் கூடவே வந்துவிடும்.

வீட்டில் தினமும் பத்து நிமிடம் போதும். காலால் தட்டி, தரையைத் தொட்டு வணங்கும் தட்டிக்கும்பிடுதலோடு தொடங்கி, தட்டிக்கும்பிட்டே முடியுங்கள்; எப்போது தொடக்கம், எப்போது முடிவு என்று அவளுக்கே தெரியும். தரையைத் தொட முடியாவிட்டால் முட்டியைத் தொடட்டும். வழவழப்பான டைல்ஸ் தரை வேண்டாம். சலங்கைச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினால் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆண்டுவிழாவில் இந்தக் குழந்தையைப் பின்வரிசையில் ஒளித்து நிறுத்தாதீர்கள். முன்வரிசையில் நிறுத்தி, அவள் கண்ணில் படும்படி மேடையோரம் உட்கார்ந்து நீங்களும் கையால் தாளம் போடுங்கள்.