கேள்வி பிள்ளையுடையதாக இருக்கட்டும்: பள்ளி ஆய்வுத் திட்டத்தில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்து, சாரல் கொஞ்சம் ஓய்ந்ததும் ஆசிரியர் அறை வாசலில் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். “டீச்சர், ஒரு தலைப்பு சொல்லுங்க.” நானும் பல வருடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, சூரிய சக்தி என்று ஒரு பட்டியலே வைத்திருந்தேன். பிள்ளைகள் தலையாட்டி வாங்கிப் போவார்கள். இரண்டு மாதம் கழித்து, மார்த்தாண்டத்து டி.டி.பி. கடையில் அடித்து ஸ்பைரல் போட்ட புத்தகம் ஒன்று வரும். அதில் ஒரு வரிகூடப் பிள்ளை எழுதியதாக இருக்காது.

அந்தப் பட்டியலை நான் தூக்கிப் போட்டதற்குக் காரணம் ஒரு மட்டி வாழைப்பழம்.

எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு மழைநீர் சேகரிப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்று வாரமாகியும் ஒன்றும் நகரவில்லை. ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து பழம் உரித்துக்கொண்டே கேட்டாள்: “டீச்சர், எனக்க தாத்தா குலையைச் சருகு போட்டு மூடி வச்சா ரெண்டு நாளு முந்திப் பழுக்குது. அது சூட்டுனாலயா, இல்ல வேற எதுனாலயா?”

மட்டி நம் குமரி மாவட்டத்துப் பழம். பல் முளைக்காத குழந்தைக்கும் மசித்துக் கொடுப்போம். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அவள் கேட்டதை அதுவரை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவள் கேள்வியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன், மழைநீரை விட்டுவிட்டோம். தலைப்பைக் கையில் கொடுப்பதுதான் முதல் தவறு. பிள்ளைக்குக் கேள்வி இல்லை என்று நாம் நினைக்கிறோம். கேள்வி இருக்கும், அதை ஆசிரியர் அறை வாசலில் நின்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். ஆகவே இப்போது தலைப்புக் கேட்டு வருகிற பிள்ளையிடம் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து, “பத்து நாள், வீட்டுலயும் வழியிலயும் ‘இது ஏன்?’னு தோணுறதை மட்டும் எழுதிட்டு வா மக்ளே” என்று அனுப்புகிறேன். பத்து நாளில் குறைந்தது ஒரு நல்ல கேள்வியாவது வந்துவிடுகிறது.

ஒப்பிடக் கூடாததை ஒப்பிடுவது

அந்தச் சிறுமி தாத்தாவிடம் ஒரு குலை வாங்கினாள். மேல் சீப்பை வெட்டிச் சருகு போட்டுப் பானைக்குள் மூடினாள், அடிச் சீப்பைக் கூடையில் திறந்து வைத்தாள். மூடி வைத்ததுதான் முந்திப் பழுத்தது. அவளுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். தாத்தா மட்டும் சிரித்தாராம்: “மேல் சீப்பு எப்பவும் முந்தித்தான் பழுக்கும் மக்ளே.”

வாழைப்பூ மேலிருந்து கீழாக மடல் விரிந்து காய் பிடிக்கிறது. அதனால் மேல் சீப்புக்கு வயது கூடுதல். நாங்கள் சருகைச் சோதித்ததாக நினைத்துக்கொண்டு காயின் வயதைச் சோதித்திருக்கிறோம். பள்ளி ஆய்வுகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். ஒரே ஒரு விஷயம் மட்டும் மாற வேண்டிய இடத்தில் இரண்டு மாறிவிடுகிறது, அதை யாரும் கவனிப்பதில்லை.

இரண்டாம் முறை ஒரே சீப்பை எடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாகக் காய்களைப் பிரித்தாள். ஒரு பங்கு இறுக மூடிய பானையில், ஒரு பங்கு மூடியில் துளை போட்ட பானையில், ஒரு பங்கு வெறும் கூடையில். மூன்றிலும் தெர்மாமீட்டர். ‘பழுத்தது’ என்றால் எப்போது? இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் தொடங்குவதும் தவறுதான். பச்சையிலிருந்து முழு மஞ்சள் வரை ஐந்து நிறக் கட்டங்களை அட்டையில் தீட்டி, 1 முதல் 5 வரை எண் போட்டாள். எது எந்தப் பானையில் இருந்தது என்று தெரியாத தம்பியைக் கூப்பிட்டு நிறத்தைச் சொல்ல வைத்தாள். நமக்குப் பிடித்த பானையில் இருந்த பழம் நம் கண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல் மஞ்சளாகத்தான் தெரியும். இதை அவளுக்கு நான் சொல்லித் தரவில்லை, அவளே கண்டுபிடித்தாள்.

மூன்று இடத்திலும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் இறுக மூடியதுதான் முந்தியது. பழுக்கும் காய் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது, அது வெளியேற வழியில்லாமல் தங்கினால் மற்ற காய்களையும் பழுக்க வைக்கிறது. பாடப் புத்தகத்தில் தாவர ஹார்மோன் என்று நாம் ஒரு வரியில் கடந்து போவது, அவள் தாத்தா வீட்டுப் பானைக்குள் இருந்தது.

பெரிய கேள்வியும் சின்னத் தராசும்

கடல் மாசு, ஆற்று மாசு, பருவநிலை மாற்றம் என்று பிள்ளைகள் வருவார்கள். ‘உன்னால முடியாது, வேற எடு’ என்று சொல்லிவிடுகிறோம். அல்லது ‘சரி, செய்’ என்று விட்டுவிடுகிறோம். இரண்டும் பிள்ளையைக் கைவிடுவதுதான். கேள்வியைப் பிடுங்காமல், அதை அவன் கைக்கு அடங்கும் அளவுக்குக் குறுக்கிக் கொடுப்பதுதான் நம் வேலை.

‘காயல் தண்ணி கெட்டுப்போச்சா?’ என்று ஒருவன் கேட்டான். பேசிப் பேசி அது, ‘மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடத்திலிருந்து உள்ளே போகப் போக உப்பு எவ்வளவு குறைகிறது?’ என்று ஆனது. இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு லிட்டர் கடல் தண்ணீரை வற்ற வைத்தால் ஏறக்குறைய 35 கிராம் உப்பு மிஞ்சும். நான்கு இடத்திலும் ஒவ்வொரு லிட்டர் எடுத்து, எவர்சில்வர் தட்டில் வெயிலில் காய வைத்து நிறுத்தால் போதும். அடுப்பில் வைத்தால் கடைசியில் உப்பு தெறித்துப் போகும், கணக்கு குறையும்.

இதில் விழுந்த தவறுகள் இரண்டு. முதல் இரண்டு இடத்துத் தண்ணீரைச் சனிக்கிழமை காலையிலும், மற்றதை ஞாயிறு மாலையிலும் எடுத்தான். கடல் ஏறும்போது ஒரு தண்ணீர், இறங்கும்போது வேறு தண்ணீர். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அது மாறுகிறது. பொழி (ஆறு கடலில் திறக்கும் வாய்) மண்ணால் அடைந்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதையும் எழுத வேண்டும். நான்கு பாட்டிலும் ஒரு மணி நேரத்துக்குள் நிரம்பியிருக்க வேண்டும்.

அடுத்தது தராசு. பலசரக்கு நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு 1 கிராமுக்குக் கீழே காட்டாது. உள்ளே தள்ளி எடுத்த தண்ணீருக்கு அது ‘0’ காட்டியது, பையன் ‘உப்பு இல்லை’ என்று எழுதிவிட்டான். ‘1 கிராமுக்கும் குறைவு’ என்பதுதான் அவனுக்குத் தெரிந்த உண்மை. தன் கருவிக்கு எது தெரியாது என்று ஒரு பிள்ளை எழுதப் பழகிவிட்டால், அந்த வருடம் வேறு எதுவும் படிக்காவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

மழை அளக்கிறவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். பாட்டிலை வெட்டிச் செய்யும் மழைமானியின் அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்கும். அதை முதலில் தண்ணீர் ஊற்றிச் சமமாக்கி, அந்த மட்டத்தில் கோடு போட்டு, அங்கிருந்துதான் மில்லிமீட்டர் எண்ண வேண்டும். பக்கங்கள் நேராக இருக்கும் பாட்டிலாகப் பார்த்து எடுக்க வேண்டும். வானிலை நிலையங்களில் காலை 8.30 மணிக்கு அளக்கிறார்கள், பிள்ளைகளும் ஒரே நேரத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. குலசேகரம் பக்கம் கொட்டும்போது ஆரல்வாய்மொழியில் காற்று மட்டும் அடிக்கும். ஒரு ஊரில் ஒரு மாதம் அளந்துவிட்டு ‘குமரி மாவட்டத்தின் மழை’ என்று தலைப்பு வைக்கக் கூடாது.

இரண்டு தாமிரபரணி

குழித்துறை ஆற்றைப் பற்றி எழுதிய ஒரு குழு, ‘தாமிரபரணி புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது’ என்று எழுதிக் கொண்டுவந்தது. அது திருநெல்வேலித் தாமிரபரணி. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடல் சேரும் நம் தாமிரபரணி வேறு. அந்தக் குழுவில் ஒருவன் தினமும் அந்த ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கு வருகிறான். போனில் தேடினார்கள், வந்ததை எழுதினார்கள்.

திட்டினால் அடுத்த முறை இன்னும் சாமர்த்தியமாகக் காப்பி அடிப்பார்கள். நான் ஒரு விதி மட்டும் வைத்தேன்: போனில் எடுத்த எந்தத் தகவலுக்கும் பக்கத்தில், ‘இதை நான் எங்கே சரிபார்த்தேன்’ என்று ஒரு வரி இருக்க வேண்டும். மறுவாரம் அதே குழு தேங்காய்ப்பட்டணத்துக்குப் பஸ் ஏறியது.

துக்கத்திடம் கேள்வித்தாள் நீட்டுவது

இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் தவறு என்னுடையது, எழுதித்தான் ஆக வேண்டும்.

கடற்கரை ஊரிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன், காற்றைப் பார்த்தே கடல் எப்படி இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வது எவ்வளவு பலிக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டான். அருமையான கேள்வி. கேள்வித்தாள் தயாரித்துக் கொண்டுவந்தான். அன்று எனக்குப் பேப்பர் திருத்தும் வேலை, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன். அதில் முதல் கேள்வி: ‘ஒக்கிப் புயலில் உங்கள் வீட்டில் யாராவது காணாமல் போனார்களா?’

2017 நவம்பர் 30 நம் கடற்கரைக்கு என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம். ஒரு அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். பையன் மறுநாள் வந்து என் முன்னால் அழுதான்.

அன்றிலிருந்து, மனிதர்களிடம் போகும் எந்தக் கேள்வித்தாளையும் நான் வரி வரியாகப் படிக்காமல் வெளியே விடுவதில்லை. இழப்பைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், நோட்டில் எழுதக் கூடாது. எதற்காகக் கேட்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும், ‘வேண்டாம்’ என்றால் நன்றி சொல்லித் திரும்ப வேண்டும். பெயர் எழுதத் தேவையில்லை. கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும். கடலிலோ ஆற்றிலோ தண்ணீர் எடுக்கப் போகும்போதும் இதே விதிதான், பிள்ளை தனியாகத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

ஆய்வை நாங்கள் மாற்றி அமைத்தோம். வலை பின்னும் கொட்டகையில் இரண்டு பெரியவர்கள் காலையில் சொல்வதை, பள்ளிக்குப் புறப்படும் முன் தேதி போட்டு எழுதிவிடுவான். சாயங்காலம் உண்மையில் அடித்த காற்றை எதிரே எழுதுவான். வானிலைத் துறை மீனவர்களுக்குத் தரும் எச்சரிக்கைக்கு மூன்றாவது பத்தி. காலையிலேயே எழுதுவதுதான் முக்கியம். சாயங்காலம் யோசித்து எழுதினால் பலித்தது மட்டும்தான் நினைவில் நிற்கும்.

தோற்ற முடிவை அழிப்பது

ஈத்தாமொழிப் பக்கத்துத் தும்பு (தேங்காய் நார்) ஆலையில் மிஞ்சும் தூளை மண்ணில் கலந்தால் வெண்டை நன்றாக வளரும் என்று இரண்டு பேர் தொடங்கினார்கள். தூள் போட்ட தொட்டியில் செடி மஞ்சளாகிக் குன்றிப்போனது. ‘தப்பா வந்திடுச்சு டீச்சர், மாத்தி எழுதட்டுமா?’ என்றார்கள். வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்களாம், பரிசு போய்விடுமே என்று.

தப்பாக வரவில்லை. பச்சைத் தூளில் உப்பும் டானினும் இருக்கும், அது மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். தூளைப் பல முறை கழுவி, மட்க வைத்துத்தான் நாற்றங்காலுக்கு எடுக்கிறார்கள். அடுத்த கட்டமாகக் கழுவிய தூள், கழுவாத தூள் என்று பிரித்து வைத்தார்கள். வாடிய செடியின் படம் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

நேரமும் வீடும்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வந்துவிடும், ஆகவே அளக்கும் வேலை அக்டோபருக்குள் முடிய வேண்டும். வீட்டில் அப்பா அம்மா வண்டி ஓட்டலாம், தராசு வாங்கித் தரலாம், பேனா பிடிக்கக் கூடாது. தெர்மாகோல் மாதிரிகளில் காசைப் போட வேண்டாம். போட்டிகளையும் பிரித்துப் பாருங்கள். 1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊரைக் களத்தில் இறங்கி ஆராய்வதற்கானது. இன்ஸ்பயர் மானக் என்ற மத்திய அரசுத் திட்டம் புது யோசனைக்கானது, தேர்வாகும் பிள்ளைக்கு 10,000 ரூபாய் கிடைக்கிறது. ஒன்றுக்கு எழுதியதை அப்படியே மற்றதற்கு அனுப்புவதால் இரண்டும் போகிறது.

நோட்டைச் சுத்தமாகத் திருப்பி எழுதச் சொல்வதும் வேண்டாம். அடித்தல் திருத்தலோடு, மழையில் நனைந்த பக்கத்தோடு அதுவே இருக்கட்டும். நடுவர்கள் அதைத்தான் புரட்டிப் பார்க்கிறார்கள்.

கடைசியாக, ரொம்ப நாள் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று. தகவல் தந்தவர்களிடம் யாரும் திரும்பிப் போவதில்லை. தாத்தாவின் குலை, ஆலைக்காரரின் தூள், பெரியவர்களின் நேரம் எல்லாம் வாங்கிக்கொண்டு, அறிக்கையை மட்டும் மாவட்டத் தலைநகருக்கு அனுப்பிவிடுகிறோம். காற்றைப் பற்றி எழுதிய பையனை, போட்டிக்கு முன்னாலேயே அந்தக் கொட்டகைக்கு அனுப்பினேன். நானும் கூடப் போனேன். வலை மேல் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வாசித்தான். பாதி வழியில் ஒரு பெரியவர் கையை உயர்த்தினார்: “நில்லு மக்ளே. நீ கச்சான்னு எழுதியிருக்கிற அந்த ரெண்டு நாளும் சோழகமாக்கும் அடிச்சது.” கச்சானும் சோழகமும் வேறு வேறு திசைக் காற்றுகள். பையன் ரப்பரை எடுக்கவில்லை. அந்த இரண்டு வரிக்கும் கீழே, அன்றைய தேதியைப் போட்டு, பெரியவர் சொன்னதைச் சிவப்பு மையில் எழுதினான். பிறகு அடுத்த பக்கத்தை வாசிக்கத் தொடங்கினான்.