டைகர் மாத் கிட் செய்வது எப்படி: பெட்டியை அப்புறம் திறக்கலாம்

பிளாஸ்டிக் விமான கிட் ஒட்டத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஸ்பிட்ஃபயரில் ஆரம்பிப்பார்கள், இல்லாவிட்டால் மிக் 21. தப்பில்லை. ஆனால் உங்களுக்குச் சின்ன விமானங்கள் மேல்தான் ஆசை என்றால், அதோடு பழைய விமான வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டுகிற பழக்கமும் இருந்தால், டி ஹாவிலாண்ட் கம்பெனியின் டைகர் மாத்தை எடுங்கள். 1931 அக்டோபர் 26 அன்று முதலில் பறந்த, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரும், இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம். மொத்தம் 8,000க்கு மேல் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, இந்தியா என்று எங்கெங்கோ ஆயிரக்கணக்கான பேர் விமானம் ஓட்டப் பழகியது இதில்தான். நம் விமானப்படையிலும் எச்டி 2 என்ற நம்மூர்ப் பயிற்சி விமானம் வந்து இடத்தைப் பிடிக்கும்வரை இதுதான் அரிச்சுவடி.

எந்த அளவில் வாங்குவது? நிஜ விமானத்தின் இறக்கை நீளம் 8.94 மீட்டர். 1/72 அளவில் அது 12.4 செ.மீ., 1/48 அளவில் 18.6 செ.மீ., 1/32 அளவில் கிட்டத்தட்ட 28 செ.மீ. முதல் இரண்டையும் ஏர்ஃபிக்ஸ் போட்டிருக்கிறது, மூன்றாவதை உக்ரைன் நிறுவனமான ஐசிஎம். என் யோசனை 1/48. 1/72இல் இறக்கைகளுக்கு நடுவே கம்பி கட்டும்போது கண் பிதுங்கிவிடும், 1/32 வைக்க வீட்டில் அலமாரி வேண்டும். பெயிண்டையும் பசையையும் உள்ளூரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தீப்பிடிக்கும் பொருட்கள் விமானத் தபாலில் வராது, ஸ்ப்ரே டப்பா சுத்தமாக வராது.

கிட் வந்துவிட்டது. இப்போது பெட்டியைத் திறக்காதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, திறந்து பார்த்துவிட்டு மூடி வையுங்கள்.

முதல் வேலை ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுப்பது. "டைகர் மாத்" என்று பொதுவாக ஒன்றைச் செய்ய முடியாது. எந்த வரிசை எண், எந்த ஆண்டு, எந்தப் பயிற்சிப் பள்ளி என்று முடிவு செய்தால்தான் மற்ற கேள்விகளுக்குப் பதில் தானாக வரும். ஓர் உதாரணம் சொல்கிறேன். வால் இறக்கைக்கு முன்னால், உடலின் இரண்டு பக்கமும் மெல்லிய பட்டைத் தகடுகள் சில படங்களில் தெரியும். விமானம் சுழன்று விழும்போது அதிலிருந்து மீள்வதற்காகப் போரின் நடுவில் சேர்க்கப்பட்டவை அவை. நீங்கள் செய்வது 1940 விமானம் என்றால் அவை இருக்கக் கூடாது. 1940 என்றால் இன்னொன்றும் உண்டு: ஜெர்மனி படையெடுத்துவிடுமோ என்ற பயத்தில் இந்தப் பாவப்பட்ட பயிற்சி விமானத்துக்கும் 20 பவுண்டு குண்டுகள் எட்டு மாட்டுகிற சட்டம் பொருத்திப் பார்த்தார்கள். பயன்படுத்த வேண்டி வரவில்லை, நல்லவேளை. கனடாவில் செய்ததில் குளிருக்காகக் காக்பிட்டுக்கு மேலே கண்ணாடி மூடி இருக்கும். சாதாரண கிட்டை வைத்துக்கொண்டு கனடா டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படம்) ஒட்டினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

இங்கேதான் புத்தகங்கள். மூன்று வகை புத்தகம் வேண்டும், மூன்றும் ஒரே வேலையைச் செய்யாது. ஒரு கம்பெனி செய்த விமானங்களை எல்லாம் வரிசையாகச் சொல்லும் தடிமனான வரலாறு ஒன்று. அதில் மூன்று கோணத்து வரைபடமும், எந்த மாடலில் என்ன மாறியது என்ற விவரமும் கிடைக்கும். இரண்டாவது, வரிசை எண் பட்டியல்கள். ஏர் பிரிட்டன் போன்ற ஆர்வலர் அமைப்புகள் இவற்றைப் போட்டிருக்கின்றன. படிக்கச் சுவாரசியமே இல்லாத, ஆனால் ஒரு விமானம் எந்தத் தேதியில் எந்தப் பள்ளிக்குப் போனது, எப்போது உடைந்தது என்று சொல்லிவிடும் புத்தகங்கள். மூன்றாவது, அதில் பறக்கப் பழகியவர்களின் நினைவுக் குறிப்புகள். கிட் செய்கிறவர்கள் இந்த மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது புரிவதே இல்லை. பயிற்சியாளர் முன்னிருக்கையிலும் மாணவர் பின்னிருக்கையிலும் உட்கார்வார்கள், தனியாக ஓட்டும்போதும் பின்னிருக்கைதான், இரண்டு பேரும் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் பேசிக்கொள்வார்கள் என்பதெல்லாம் அங்கேதான் உயிரோடு இருக்கும். நீங்கள் ஒரே ஒரு விமானி பொம்மையை வைக்கப்போகிறீர்கள் என்றால் பின்னால் வையுங்கள்.

படத்தை நம்புங்கள், படத்துக்குக் கீழே எழுதியிருப்பதைச் சந்தேகப்படுங்கள். ஒரு புத்தகத்தில் தப்பாக எழுதிய வரி அடுத்த பத்துப் புத்தகங்களுக்கு அப்படியே போயிருக்கும். வண்ணத்தைப் பொறுத்தவரை கறுப்பு வெள்ளைப் படத்தையும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். அந்தக் காலத்தில் புழங்கிய ஒருவகை ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, மஞ்சளும் சரியாகத் தெரியாது. பளீரென்ற மஞ்சள் விமானம் அதில் கறுத்துப்போய் நிற்கும், நீலம் வெளுத்திருக்கும். ஒரே மாதிரி விமானம் ஒரு படத்தில் வெளிர் சாம்பலாகவும் இன்னொன்றில் கரும்சாம்பலாகவும் இருந்தால், பெயிண்ட் மாறிவிட்டது என்று முடிவு கட்டாமல் ஃபிலிமைச் சந்தேகப்படுங்கள். இறக்கையிலுள்ள வட்டச் சின்னத்தைப் பாருங்கள். வெளிவட்ட நீலம் வெளுத்தும் நடுச் சிவப்பு கறுத்தும் இருந்தால் அந்த ஃபிலிம்தான்.

இன்று பறக்கிற விமானங்களின் படங்களும் நிறையக் கிடைக்கும். இங்கிலாந்தில் ஓல்ட் வார்டனில் ஷட்டில்வொர்த் சேகரிப்பில் ஒன்று பறக்கிறது, இந்திய விமானப்படையே ஒன்றைச் சீர்செய்து 2012இல் ஹிண்டன் அணிவகுப்பில் பறக்கவிட்டது. கம்பிகள் எங்கே போய் முடிகின்றன, காக்பிட்டின் மடக்குக் கதவு எப்படித் திறக்கிறது என்பதற்கெல்லாம் இவை பொக்கிஷம். ஆனால் ரேடியோ, புதுச் சீட் பெல்ட், சிலவற்றில் வால் சறுக்குக் கட்டைக்குப் பதிலாகச் சக்கரம் என்று பின்னாளில் சேர்ந்தவற்றைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, ஒட்டலாம்.

கிட்டோடு வரும் செய்முறைத் தாள் சொல்கிற வரிசையில் போகாதீர்கள். உடற்பகுதி, கீழ் இறக்கை, வால் இவை ஒரு துண்டு; மேல் இறக்கை தனித் துண்டு. இரண்டையும் தனித்தனியாகப் பெயிண்ட் அடித்து, டீகாலும் ஒட்டிவிட்டு, கடைசியில் சேர்க்க வேண்டும். முன்னாலேயே சேர்த்துவிட்டால் நடுவில் பிரஷ் போகாது. காக்பிட் உள்ளே நேரம் செலவழிப்பது நல்லதுதான், திறந்த காக்பிட் என்பதால் எல்லாம் வெளியே தெரியும். சீட் பெல்ட் மட்டும் மறக்காதீர்கள், மெல்லிய மாஸ்கிங் டேப்பை வெட்டி ஒட்டினாலே போதும்.

உடலின் இரண்டு பாதிகளை ஒட்ட, பிரஷ்ஷோடு வருகிற நீர்த்த பசைதான் நல்லது. பாதிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இணைப்பில் ஒரு சொட்டு தொட்டால் அதுவே கோடு நெடுக ஓடிவிடும். விரல் அந்தக் கோட்டின் மேல் இருக்கக் கூடாது, ரேகை பதிந்துவிடும். ஒருநாள் விட்டு உப்புத்தாளால் தேயுங்கள், தண்ணீர் தொட்டு. இறக்கையில் துணி போர்த்திய இடங்களில், உள்ளே இருக்கும் மரச்சட்டங்கள் லேசாகப் புடைத்துத் தெரியும்படி கிட்டில் கொடுத்திருப்பார்கள். அதைத் தேய்த்துத் தொலைத்துவிடாதீர்கள்.

மேல் இறக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த விமானத்தின் முகவெட்டே அதில்தான் இருக்கிறது. இதற்கு முந்தைய மாத் விமானங்களில் முன்னிருக்கைக்கு நேர் மேலே இறக்கையும் அதைத் தாங்கும் கம்புகளும் சூழ்ந்திருந்தன. பாராசூட் கட்டிக்கொண்ட பயிற்சியாளர் அவசரத்தில் வெளியே குதிக்க வழியில்லை. அதனால் டைகர் மாத்தில் மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். தள்ளியதும் எடைச் சமநிலை கெட்டது. அதைச் சரிக்கட்ட இறக்கைகளைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். ஆக, மேலே இருந்து பார்த்தால் இறக்கைகள் லேசாகப் பின்வாங்கி இருக்க வேண்டும், பக்கத்திலிருந்து பார்த்தால் மேல் இறக்கை கீழ் இறக்கையைவிட முன்னால் துருத்தி நிற்க வேண்டும், முன்னாலிருந்து பார்த்தால் கீழ் இறக்கை மேல் இறக்கையைவிடக் கூடுதலாக மேல்நோக்கி ஏறியிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும், என்ன பெயிண்ட் அடித்தாலும் டைகர் மாத்தாகத் தெரியாது.

பிசகாமல் இருக்க ஒரு தாங்கி செய்துகொள்ளுங்கள். லெகோ கட்டைகள் இருந்தால் பிரமாதம், இல்லாவிட்டால் தடித்த அட்டை. உடலை நேராகப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு இருந்தால் போதும். முதலில் நடுக் கம்புகளை மட்டும் மேல் இறக்கையோடு ஒட்டி, பசை முழுசாக இறுகும் முன்பே இரண்டு இறக்கை முனைகளிலிருந்தும் வால் நுனிவரை நூலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே நீளம் வரும்வரை நகர்த்தலாம். அது இறுகிய பிறகு வெளிக் கம்புகள். அப்புறம், பக்கவாட்டில் சாய்க்க உதவும் எய்லரான் கீழ் இறக்கையில் மட்டும்தான், மேலே கிடையாது. மேல் இறக்கையின் முன்விளிம்பில் இருப்பது ஸ்லாட், மெதுவாகப் பறக்கும்போது தானாகத் திறக்கும் பட்டை. மேல் இறக்கை நடுவில் இருக்கும் பெட்டி பெட்ரோல் தொட்டி, அதன் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய் பெட்ரோல் அளவு காட்டும் மிதவை. விமானி அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்வார். அந்தக் குழாய் வெட்டும்போது பறந்து தொலையும், ஜாக்கிரதை.

பெயிண்ட். மஞ்சள் அடிப்பது தொல்லை பிடித்த வேலை. சாம்பல் ப்ரைமர் (அடிப்பூச்சு) மேல் மஞ்சள் அடித்தால் பாசி பிடித்த நிறம் வரும். வெள்ளை ப்ரைமர், அல்லது இளஞ்சிவப்பு ப்ரைமர், அதன் மேல் நாலைந்து மெல்லிய பூச்சு. ஹம்ப்ரோல் 24 என்ற எண்ணில் பயிற்சி விமான மஞ்சளே கிடைக்கிறது. போருக்கு முந்தைய விமானம் என்றால் பல பள்ளிகளில் முழுக்க மஞ்சள். போர் தொடங்கியதும் மேலே பச்சையும் மண்ணிறமும் வந்தன, அடியில் மஞ்சள் அப்படியே இருந்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தொடக்க ஆண்டுகளில், கீழ் இறக்கையின் மேல்பரப்புக்கு அதே பச்சையையும் மண்ணிறத்தையும் அடிக்காமல், இன்னும் வெளிறிய பச்சையும் வெளிறிய மண்ணிறமும் அடித்தார்கள். மேல் இறக்கையின் நிழல் அங்கே விழுந்து இருட்டாகத் தெரியும் என்பதை ஈடுகட்டத்தான். ஆக அந்த விமானத்துக்கு மஞ்சளைத் தவிர நான்கு நிறங்கள் வேண்டும். கிட் தாளில் இது இல்லாவிட்டாலும் உங்கள் படத்தில் இருந்தால் படத்தின்படியே அடியுங்கள்.

சென்னை மாதிரி ஊரில் இருப்பவர்களுக்கு: மழை நாளில் லேக்கர் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம். காற்றின் ஈரம் உறிஞ்சி வெள்ளையாகப் புகை படர்ந்த மாதிரி ஆகிவிடும். வெயில் வரட்டும், காலை பதினொன்றுக்கு மேல் அடியுங்கள். டீகால் ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ் அவசியம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று மாட்டி வெள்ளி வெள்ளியாக மினுங்கும். எல்லாம் முடிந்ததும் பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்து மங்கலாக்கிக்கொள்ளலாம்.

கடைசியாகக் கம்பி கட்டுவது. பலரும் இரட்டை இறக்கை விமானங்களுக்குப் பயப்படுவதே இதனால்தான். பயப்பட ஒன்றுமில்லை, முன்னேற்பாடுதான் எல்லாம். பெயிண்ட் அடிக்கும் முன்பே, கம்பி தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் 0.3 மி.மீ. டிரில்லால் குழி போட்டுவிடுங்கள். நூலுக்கு, இழுத்தால் நீளும் எலாஸ்டிக் நூல் சிறந்தது, தெரியாமல் கை பட்டாலும் அறாது. அது கிடைக்காவிட்டால் மிக மெல்லிய தூண்டில் நரம்பு. அதுவும் இல்லையென்றால் ஸ்ப்ரூவை (கிட் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவத்தியில் காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இழுத்தால் முடி மாதிரி இழை வரும், அதை வெட்டி ஒட்டலாம். நூல் நுனியில் ஊசிமுனை அளவு சூப்பர் குளூ தொட்டு மேல் குழியில் வையுங்கள், நன்றாகப் பிடித்த பிறகு லேசாக இழுத்துக் கீழ்க் குழியில் ஒட்டுங்கள். உடலுக்கு அருகில் இருப்பவற்றை முதலில் முடித்துவிட்டு வெளியே நகருங்கள், தலைகீழாகச் செய்தால் கை உள்ளே போகாது. இரட்டையாக ஓடும் கம்பிகள் எவை, ஒற்றை எவை என்பதைப் படத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். வாலுக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் உடலுக்கு வெளியே தெரியும், அதையும் விடாதீர்கள். இந்த வேலை முடியும்வரை ஃபேனை நிறுத்திவிடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

பீடத்தில் வைக்கப்போகிறீர்கள் என்றால் சிமெண்ட் தரை வேண்டாம், புல்தரை. இந்த விமானத்துக்குப் பிரேக் கிடையாது. வால் சறுக்குக் கட்டை புல்லில் உரசித்தான் வேகம் குறையும். எஞ்சினைக் கிளப்பும்போது சக்கரத்துக்கு முன் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, ஒருவர் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடுவார். அந்த முட்டுக் கட்டையை ஸ்ப்ரூவில் சீவி வைத்தால் காட்சியே மாறிவிடும். தூசு தட்டத் துணி கூடாது, கம்பியில் மாட்டும்; பழைய மேக்கப் பிரஷ் போதும்.

புதுக் கிட் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வருட ஆரம்பத்தில் ஏர்ஃபிக்ஸ் அறிவிப்பையும், அதையொட்டி நடக்கும் நூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியையும், நவம்பரில் இங்கிலாந்தின் டெல்ஃபோர்டில் நடக்கும் மாடல் கண்காட்சியையும் கவனித்தால் பாதிச் செய்தி வந்துவிடும். கம்பி கட்டுவதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று இதைப் படித்த பிறகும் தோன்றினால், இதே கம்பெனியின் புஸ் மாத் பக்கம் போங்கள். ஒற்றை இறக்கை, மூடிய கேபின், இறக்கைக்கு முட்டுக் கொடுக்க இரண்டு பக்கமும் கம்புகள் மட்டும். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது அதில்தான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைவரை ஓட்டிவந்தார். அந்த விமானத்தின் பதிவெண்ணுக்கு டீகால் தனியாக அச்சடிக்க வேண்டியிருக்கலாம். லேசர் பிரிண்டரும் வெற்று டீகால் தாளும் இருந்தால் வீட்டிலேயே முடியும்.