சிறு குழந்தைகளுடன் வீட்டிலேயே இலையுதிர் காலமும் ஹாலோவீனும்: முதன்முறையாகக் கொண்டாடுவோருக்கான செய்முறை

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் செப்டம்பர் முடிவதற்குள் வீட்டு வாசல்களில் பரங்கிக்காய்களும் சோளத்தட்டைக் கட்டுகளும் இடம்பிடித்துவிடும். கடைகளில் எலும்புக்கூடுகளும் சூனியக்காரித் தொப்பிகளும் தொங்கத் தொடங்கிவிடும். நியூ ஜெர்சியிலோ மாசசூசெட்ஸிலோ குடியேறித் தம் முதல் இலையுதிர் காலத்தைக் காணும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு, இரண்டு முதல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது என்ற தயக்கம் இருக்கிறது. இலையிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. கடையில் வாங்கிய பேய்ப் பொம்மைகளை மாட்டி வைப்பதைவிட, குழந்தை தன் கையால் பொறுக்கி, அழுத்தி, வண்ணம் தீட்டி, குடைந்து செய்யக்கூடியவற்றை அக்டோபர் முழுவதும் சிறிது சிறிதாகச் செய்துவந்து, ஹாலோவீன் நாளான 31ஆம் தேதி மாலையை அவற்றின் நிறைவாக வைத்துக்கொள்வது இந்த வயதுக்கு மிகவும் பொருந்தும்.

இது என்ன பண்டிகை என்று குழந்தை கேட்டால் சொல்வதற்கு நமக்குச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்டிக் மக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளைக் கொண்டாடிய பழைய விழாவும், நவம்பர் 1 அன்று கிறித்தவர்கள் கொண்டாடும் அனைத்துப் புனிதர் திருநாளின் முந்தைய இரவும் சேர்ந்து ஹாலோவீன் ஆயின. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர்கள் இதைத் தங்களோடு கொண்டுவந்தார்கள். தம் ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு இங்கே பெரிய பரங்கிக்காய் கிடைத்தது. நான்கு வயதுக் குழந்தைக்கு இதில் ஒரு வரி போதும்: வயலில் எல்லாவற்றையும் அறுத்துவிட்டார்கள், இனி சீக்கிரம் இருட்டிவிடும், அதனால் வாசலில் விளக்கு வைக்கிறோம்.

முதல் படி: இலைகளைச் சேகரித்தல்

வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷர் பகுதிகளில் செப்டம்பர் இறுதியிலேயே இலைகள் நிறம் மாறிவிடும். நியூ ஜெர்சியில் அக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகே உச்சம். காய்ந்த, வெயில் அடிக்கும் ஒரு பிற்பகலில் குழந்தையின் கையில் ஒரு காகிதப் பையைக் கொடுத்து அருகிலுள்ள பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மேப்பிள், ஓக், பிர்ச் என்று மூன்று வகை கிடைத்தாலே போதும். ஈரமான இலைகள் பைக்குள்ளேயே கறுத்துவிடும்; ஆகவே மழை பெய்த மறுநாள் போக வேண்டாம்.

புறப்படுமுன் பெரியவர்கள் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். பாய்சன் ஐவி என்னும் கொடி இலையுதிர் காலத்தில் மிக அழகான சிவப்பாக மாறும். குழந்தையின் கண் முதலில் அதன்மேல்தான் விழும். ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள் இருப்பதும், நடுச் சிற்றிலையின் காம்பு மட்டும் நீண்டிருப்பதும், மரத்தின் மேல் ஏறிய தண்டில் மயிர் போன்ற வேர்கள் அடர்ந்திருப்பதும் அதன் அடையாளங்கள். உதிர்ந்து காய்ந்த இலையில்கூட அதன் எண்ணெய் இருக்கும். தொட்டால் தோலில் கடும் அரிப்பும் கொப்புளமும் வரலாம். மூன்று மூன்றாக இருக்கும் இலையைத் தொடக்கூடாது என்று ஒரு விளையாட்டு விதியாகவே சொல்லி வைத்துவிடுங்கள். மான் உண்ணிகளும் அக்டோபர், நவம்பரில் சுறுசுறுப்பாக இருக்கும் என்பதால், இலைக்குவியலில் புரண்டு விளையாடிய குழந்தையை வீடு திரும்பியதும் குளிப்பாட்டி, காதுக்குப் பின்புறம், தலைமுடி, அக்குள், முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களைத் தவறாமல் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இலைகளைத் தரையில் பரப்பி நிறம் வாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இந்த நேரத்தில்தான் ஏன் நிறம் மாறுகிறது என்ற கேள்வி வரும். பகல் பொழுது குறையும்போது மரம் பச்சையம் உண்டாக்குவதை நிறுத்துகிறது. பச்சை கரைந்ததும், கோடை முழுவதும் இலைக்குள்ளேயே மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. சிவப்பின் கதை வேறு: மேப்பிள் போன்ற மரங்களின் இலைகள் அந்த நிறமியை இலையுதிர் காலத்தில்தான் புதிதாக உண்டாக்குகின்றன. வெயிலான பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் தொடர்ந்து அமைந்தால் அந்த ஆண்டு சிவப்பு தூக்கலாக இருக்கும். மஞ்சள் ஒளிந்திருந்தது, சிவப்பு புதிதாக வந்தது என்று சொன்னால் ஐந்து வயதுக் குழந்தைக்கு நன்றாகவே புரிகிறது.

பிறகு இலைகளைச் செய்தித்தாள் மடிப்புகளுக்கிடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, ஒரு வாரம் விட்டுவிடுங்கள். காத்திருக்க முடியாத குழந்தைக்கு உடனே செய்ய ஒன்று உண்டு. இலையின் நரம்புப் பக்கம் மேலே இருக்குமாறு மேசையில் வைத்து, மெல்லிய வெள்ளைத் தாளால் மூடி, காகித உறை உரிக்கப்பட்ட கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். நரம்புகள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும். தாள் நகராமல் இருக்க நான்கு மூலைகளிலும் ஒட்டுநாடா ஒட்டிவிட்டால் இரண்டு வயதுக் குழந்தையும் தானே செய்துவிடும்.

ஒரு வாரத்தில் காய்ந்த இலைகளை இரண்டு மெழுகுத் தாள்களுக்கு நடுவே குழந்தை தன் விருப்பப்படி அடுக்கட்டும். மேலும் கீழும் பழைய துணி போட்டு, ஆவி இல்லாமல் குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் சில நொடிகள் அழுத்துவது பெரியவர் வேலை. அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினால் மாலை வெயிலில் நிறங்கள் துலங்கும். வீட்டு அலங்காரத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாம் படி: பரங்கிக்காய்

காம்பு உறுதியாக, அடிப்பாகம் தட்டையாக, எங்கும் மெதுமெதுப்பு இல்லாத காயாகத் தேர்ந்தெடுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்க வேண்டாம். அது ஒடிந்தால் அந்த இடத்திலிருந்து அழுகத் தொடங்கும். அருகில் பண்ணை இருந்தால், கொடியோடு கிடக்கும் காயைக் குழந்தை பார்ப்பதற்காகவே ஒருமுறை போய் வரலாம். குடைவதற்கென்று விற்கும் பெரிய காயின் சதை நார் மிகுந்து நீர்த்திருக்கும். சமையலுக்கு, சுகர் பம்கின் என்று தனியாக வைத்திருக்கும் சிறிய காயை வாங்குங்கள். நம் ஊர்ப் பரங்கிக்காய்க் கூட்டும் சாம்பாரும் அதில் நன்றாகவே வரும்.

நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் குடைவதைவிட வண்ணம் தீட்டுவதே ஏற்றது. காயை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, நீரில் கழுவக்கூடிய வண்ணமும் தடித்த தூரிகையும் கொடுத்துவிடுங்கள். கண், மூக்கு எங்கே வரவேண்டும் என்று திருத்தாதீர்கள். அந்த வண்ணம் மழையில் கரையும் என்பதால் காயை வீட்டுக்குள் வைக்கவும். வெட்டாத காய் பல வாரங்கள் கெடாது.

குடைய விரும்பினால் அக்டோபர் 29 அல்லது 30 வரை பொறுங்கள். வெட்டிய காய் சில நாட்களிலேயே சுருங்கிப் பூசணம் பிடிக்கும். தரையில் செய்தித்தாள் விரித்து, மேல்பகுதியைக் கத்தி உட்பக்கம் சாய்ந்திருக்குமாறு வட்டமாக வெட்டி எடுங்கள். நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். விதைகளையும் நாரையும் கரண்டியால் வழித்தெடுப்பது குழந்தையின் வேலை. வழுவழுப்பைத் தொடத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், கரண்டியோடு நிற்கட்டும். முகம் வரைவதைக் குழந்தையிடம் விட்டு, வெட்டுவதை நீங்கள் செய்யுங்கள். உள்ளே மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வையுங்கள். குழந்தைகள் நீளமான உடையோடு குனிந்து பார்க்கும் இடத்தில் நெருப்பு வேண்டாம்.

வழித்த விதைகளைக் கழுவி, துணியில் உலர்த்தி, எண்ணெயும் உப்பும் புரட்டி, 150 டிகிரி செல்சியஸ், அதாவது 300 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில், இடையிடையே கிளறிவிட்டு, 30 முதல் 40 நிமிடங்கள் வறுத்தால் மொறுமொறுப்பாகும். நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு முழு விதை கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும்.

மூன்றாம் படி: வேடம்

வீட்டில் இருக்கும் உடையிலிருந்தே வேடத்தை உருவாக்குங்கள். மஞ்சள் சட்டையில் கறுப்பு ஒட்டுநாடா பட்டைகள் போட்டால் தேனீ. அழுத்தி வைத்த இலைகளைப் பழைய சட்டையில் தைத்தால் மரம். உடை கணுக்காலுக்கு மேல் நிற்க வேண்டும். பார்வையை மறைக்கும் முகமூடி வேண்டாம். மாலையில் குளிர் இருக்கும் என்பதால் உள்ளே கம்பளி உடை போடும் அளவுக்குத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து நாள் முன்பே போட்டுப் பழக்கினால், அன்று கழுத்து அரிக்கிறது என்ற அழுகை வராது.

இந்த வயதில் வேடத்துக்கும் ஆளுக்கும் உள்ள வேறுபாடு குழந்தைக்கு முழுமையாகப் பிடிபடுவதில்லை. அப்பாவே முகமூடி அணிந்தாலும், அப்பா மறைந்து வேறு யாரோ வந்துவிட்டதாகவே தோன்றும். அதனால் யாராவது முகமூடி அணிய நேர்ந்தால், குழந்தையின் கண்முன்னே அணிந்து, கழற்றி, அதன் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். பயந்த குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதும், இன்னொரு முறை பயமுறுத்திப் படம் பிடிப்பதும் வேண்டவே வேண்டாம். அந்த அச்சம் பல இரவுகளின் தூக்கத்தைக் கெடுக்கும்.

நான்காம் படி: 31ஆம் தேதி மாலை

இரவு உணவை ஐந்து மணிக்கே முடித்துவிடுங்கள். நியூ ஜெர்சியில் அன்று ஆறு மணியளவில் சூரியன் மறைந்துவிடும். வேடமிட்ட பிள்ளைகள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "டிரிக் ஆர் டிரீட்" என்று சொல்லி இனிப்பு வாங்குவது இந்த நாளின் வழக்கம். அதைப் பிறகு வீட்டுக்குள்ளேயே நடத்தலாம். ஒவ்வோர் அறைக் கதவுக்குப் பின்னாலும் ஒருவர் நிற்க, குழந்தை கூடையோடு கதவைத் தட்டி, "டிரிக் ஆர் டிரீட்" என்று சொல்லி, ஒரு பொருளைப் பெற்று, நன்றி சொல்லி, அடுத்த கதவுக்குப் போகும். அம்மா, அப்பா இருவரே இருந்தாலும், மாறி மாறி ஓடி நான்கு கதவுகளைச் சமாளிக்கலாம். கூடையில் விழுவன ஒட்டுப்படம், கிரேயான், ஆரஞ்சுப் பழம், மென்மையான பிஸ்கட் என்று இருக்கட்டும். கடின மிட்டாய், பாப்கார்ன், கடலை ஆகியவை இந்த வயதுக்கு ஆகாது.

வாசல் விளக்கை எரியவிட்டால், அண்டை வீட்டுப் பிள்ளைகள் வரலாம் என்று பொருள், அணைத்துவிட்டால் வரமாட்டார்கள். சிறு குழந்தைகள் பலருக்குத் தெருவில் இனிப்பு வாங்கப் போவதைவிட, தன் வாசலில் நின்று வருபவர்களுக்குக் கொடுப்பது பிடிக்கிறது. வாசலில் நீலப்பச்சை வண்ணம் தீட்டிய பரங்கிக்காய் ஒன்றையும் வையுங்கள்: உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காக, தின்பண்டம் அல்லாத பரிசும் இங்கே கிடைக்கும் என்பதற்கு அது அடையாளம். டென்னசியில் 2012இல் தொடங்கிய இவ்வழக்கம் 2014இல் நாடு முழுவதும் பரவியது. பயங்கர வேடத்தில் யாரேனும் வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீங்களே கொடுத்துவிடுங்கள். ஏழரை மணிக்கு விளக்கை அணைத்துவிடலாம்.

ஐந்தாம் படி: மறுநாள்

வந்த இனிப்புகளைப் பிரித்துப் பார்த்து, வயதுக்கு ஒவ்வாதவற்றை எடுத்துவிட்டு, மீதியை நாளுக்கு ஒன்றாகக் கொடுங்கள். குடைந்த காயிலிருந்து விளக்கை எடுத்துவிட்டு, துண்டுகளாக வெட்டி உரக்குழியில் குழந்தையையே போடச் சொல்லுங்கள். வண்ணம் தீட்டிய காயாக இருந்தால் முதலில் தோலைச் சீவிக் குப்பையில் போட்டுவிட வேண்டும்.