அப்பீலுக்கு நாள் எண்ணத் தெரியாமல் இழக்காதீர்கள்

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். மஞ்சள்பைக்குள் மகனுக்குச் சிறைத்தண்டனை விதித்த தீர்ப்பின் நகல், மடிப்பு கிழியும் நிலையில். “ஆடி கழியட்டும், ஆவணியில் அப்பீல் போடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள் ஐயா” என்றார். நகலில் இருந்த முத்திரையைப் பார்த்தேன். நகலுக்கு மனு கொடுத்த நாள், நகல் தயாரான நாள், வாங்கிய நாள். கணக்குப் போட்டால், அப்பீல் கெடு முடிந்து 11 நாள் ஆகியிருந்தது.

காரைக்குடி, தேவகோட்டை நடுவர் நீதிமன்றத் தீர்ப்பு என்றால் சிவகங்கை மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அமர்வு நீதிமன்றமே தண்டித்திருந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 60 நாள்; மரண தண்டனைக்கு மட்டும் 30 நாள். நகல் தயாராவதற்கு ஆன நாட்கள் கெடுக் கணக்கில் சேராது. தயாரான பிறகு வாங்காமல் கிடப்பில் போட்ட நாட்கள் சேரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிறைத்தண்டனை என்றால் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்குங்கள்.

அப்பீல் போட்டாலே தண்டனை நின்றுவிடும் என்று நம்புவது அடுத்த தவறு. நிறுத்திவைக்கத் தனி மனு வேண்டும். தண்டனை 3 ஆண்டுக்கு மேற்படாமல், அதுவரை ஜாமீனில் இருந்தவர் என்றால், தண்டித்த நீதிமன்றமே மேல்முறையீட்டுக்கு அவகாசம் தந்து ஜாமீனில் விடலாம். ஆகவே தீர்ப்பு நாளில் ஜாமீன்தாரர்களைக் கையோடு அழைத்துப் போங்கள். வீட்டில் இருக்கச் சொன்னால் அன்றிரவு சிறையில்தான். காசோலை வழக்கில் இன்னொன்று: அபராதத்திலோ இழப்பீட்டிலோ குறைந்தது 20 சதவீதத்தைக் கட்டச் சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிடலாம். பணத்துக்கு முன்பே வழி பாருங்கள்.

“ஒப்புக்கொள், அபராதத்தோடு போகும்” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் பெரும்பாலும் தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் பற்றித்தான் மேல்முறையிட முடியும்.

அந்தத் தாயிடம் மெல்லக் கேட்டபோது உண்மை வந்தது. ஆடி ஒரு சாக்குத்தான். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் புரளவில்லை. சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் போதும். கைதி தன் மேல்முறையீட்டைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம், அவர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். இதை அந்தத் தாயிடம் யாருமே சொல்லவில்லை. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில் அந்த 11 நாளுக்கும் உள்ள காரணத்தை, பணமில்லாததையும் சேர்த்து, அப்படியே எழுதினோம்.