வில்லியம் மார்ஷலின் வம்சத்தைத் திண்ணையில் வரைவது எப்படி

இடைக்கால ஐரோப்பியப் பிரபு ஒருவரின் குடும்பத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இங்கிலாந்தின் வில்லியம் மார்ஷலைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். வேண்டியது ஒரு சாக்கட்டி, ஐந்து சோழி, ஐந்து சிப்பி. கீழக்கரைக் கடற்கரையில் கொஞ்ச நேரம் குனிந்து தேடினால் கிடைத்துவிடும்.

அவர் பெயரை முதலில் எழுதாதீர்கள். மனைவி இசபெல்லின் பெயரை எழுதுங்கள். முதல் வருடம் நான் மார்ஷலில் தொடங்கினேன். "இவ்வளவு நிலம் எப்படி வந்தது, டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். நிலம் இசபெல்லுடையது: தந்தை ரிச்சர்ட் டி கிளேர் வழியில் வேல்ஸ் பக்கமும், தாய் ஈஃபா வழியில் அயர்லாந்தின் லென்ஸ்டரும். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். அதனால் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு வேறுபாட்டை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: இசபெல் யாருக்கு மனைவியாவது என்பது மன்னரின் கையில் இருந்தது. 1189இல் திருமணம் நடந்தபோது அவருக்குச் சுமார் 17 வயது, மார்ஷலுக்கு நாற்பதுக்கு மேல்.

பக்கத்தில் வில்லியம். நான்காவது மகன், சொத்தில் பங்கு எதிர்பார்க்க முடியாதவர். 1152இல், ஐந்தாறு வயதில், ஸ்டீபன் மன்னரிடம் பணயமாக இருந்தார். அவருடைய வாப்பா (தந்தை) வாக்குத் தவறினார். பையனைத் தூக்கிலிடுவதாக மன்னர் மிரட்டியபோது, இதைவிட நல்ல பிள்ளைகளை உருவாக்கத் தம்மிடம் சுத்தியலும் பட்டறைக்கல்லும் இருக்கின்றன என்று வாப்பா சொல்லியனுப்பினாராம். மன்னருக்குக் கொல்ல மனம் வரவில்லை. இந்த இடத்தில் பிள்ளைகள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். இருக்கட்டும், அவசரப்படாதீர்கள்.

கீழே கோடு இழுத்து, மகன்களுக்குச் சோழி, மகள்களுக்குச் சிப்பி. சோழியின் வாய் மேலே இருக்கட்டும். 1219இல் தந்தை இறந்ததும் பிரபுப் பட்டம் மூத்தவனுக்கு. இனி ஒவ்வொரு மகனும் இறந்த ஆண்டைச் சொல்லி ஒவ்வொன்றாகக் கவிழ்த்துங்கள்: 1231, 1234, 1241. பிறகு 1245இல் இரண்டு. ஐவருக்கும் பட்டத்துக்கு வாரிசு இல்லை. பல்வரிசை மறைந்து, வழவழத்த முதுகு மட்டும் ஐந்து தெரியும். "இனி லாத்தாமார்தானா?" என்று, அக்காமார்களைச் சொல்லி, ஒரு சிறுமி கேட்டாள். ஆம்.

சிப்பிகளிலிருந்து கோடு இறக்குங்கள்: மாட், இசபெல், சிபில், ஈவா, ஜோன். நிலம் இந்த ஐவர் வழியில் பிரிந்தது. மார்ஷல் என்ற அரசவைப் பதவி மூத்தவர் மாட் வழியாக அவர் மகன் ரோஜர் பிகாடுக்குப் போனது. சிபிலுக்கு ஏழு மகள்கள், ஆகவே அந்தப் பங்கு மறுபடி ஏழாகும். அதற்குத் திண்ணை போதாது. வெயில் சாய்ந்த பிறகு தெருவில் இறங்கி வரையுங்கள்.