சயின்ஸ் ப்ராஜெக்டுக்கு கேள்வி புடிக்கிறது எப்படி? முதல்ல காலி டேபிள் போடுங்க

சயின்ஸ் ப்ராஜெக்ட்னு சொன்னதும் வீட்டுல என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். யூட்யூப்ல ஈஸி ப்ராஜெக்ட்னு தேடி, எரிமலை மாடல் ஒண்ண பாத்து, களிமண்ணு பெயின்ட்டு எல்லாம் வாங்கி, ரெண்டு நாள் உக்காந்து அழகா செஞ்சு முடிச்சு, கடைசி நாள் ராத்திரி ரிப்போர்ட் எழுதும்போதுதான் "ஆய்வுக் கேள்வின்னு ஒரு இடம் இருக்கே, அதுல என்ன எழுதறது?"ன்னு முழிப்பாங்க. நான் பல வருஷமா பசங்க கூட உக்காந்து ப்ராஜெக்டுக்கு ஒதவிட்டு வர்றேன், ரெண்டு மூணு தடவ ஜட்ஜாவும் போய் நின்னிருக்கேன். சொதப்புன ப்ராஜெக்ட்ல முக்காவாசி செய்முறையில சொதப்பல, கேள்வியிலயே சொதப்பிடுச்சு.

எரிமலை மாடல்ல தப்பு ஒண்ணும் இல்ல. பாக்க ஜோரா இருக்கும், நுரை பொங்கும், குட்டிப் பசங்க கை தட்டுவாங்க. ஆனா அது டெமோ. பேக்கிங் சோடா மேல வினிகர ஊத்துனா என்ன ஆகும்னு ஊத்துறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சத திரும்ப செஞ்சு காட்டுறோம், அவ்ளோதான். ப்ராஜெக்ட்டுன்னா பதில் இப்படியும் வரலாம் அப்படியும் வரலாம்னு ஒரு சந்தேகம் நெஜமாவே இருக்கணும்.

சரி, ஒரு கேள்வி சோதிச்சு பாக்கக்கூடிய கேள்வியா இல்லையான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? நான் பண்றது ஒண்ணே ஒண்ணுதான். சோதனைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரிசல்ட் டேபிள காலியா போட்டு பாக்கணும். ஒரு பேப்பர்ல ரெண்டு காலம் (column). இடது பக்கம் நீங்க வேணும்னே மாத்தப்போற விஷயம், வலது பக்கம் அத மாத்துறதால மாறுதான்னு அளக்கப்போற விஷயம். புத்தகத்துல சார்பற்ற மாறி, சார்ந்த மாறின்னு பெரிய பேரெல்லாம் இருக்கும், பயப்பட வேணாம், இதேதான் அது. ரெண்டு தலைப்புக்கும் பக்கத்துல யூனிட் எழுதுங்க, கிராம், செகண்ட், சென்டிமீட்டர், எத்தன விதை முளைச்சுதுன்னு எண்ணிக்கை, ஏதாவது ஒண்ணு. யூனிட் எழுத வரலைன்னா கேள்வி இன்னும் வேகலைன்னு அர்த்தம். டேபிளுக்கு கீழ, எதையெல்லாம் மாத்தாம அப்படியே வெச்சிருக்கப்போறோம்னு ஒரு பட்டியல். இது பத்து நிமிஷ வேல. இந்த பத்து நிமிஷத்த மிச்சம் புடிக்கப் போய்தான் நெறைய பேரு பத்து நாள விடுறாங்க.

ஒரு உதாரணத்த முழுசா சொல்றேன். ஒன்பதாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி எரிமலைதான் செய்வேன்னு ஒத்தக்கால்ல நின்னா. சரி செய், ஆனா கேள்வி என்னன்னு கேட்டேன். "எரிமலைய பெருசா பொங்க வெக்கிறது எப்படி"ன்னா. பெருசுன்னா என்னம்மா, ஒயரமா, நுரையோட அளவா, எவ்ளோ நேரம் பொங்குதுங்கறதா? கொஞ்ச நேரம் பேனாவ கடிச்சுக்கிட்டு இருந்துட்டு, "எவ்ளோ கேஸ் வருதுன்னு பாக்கலாம்"னா. அந்த எடத்துலயே களிமண்ணு மலை காணாம போயிடுச்சு, மலைக்கு பதிலா ஒரு பாட்டிலும் பலூனும் வந்துடுச்சு. பாட்டில்ல 100 மில்லி வினிகர், பலூனுக்குள்ள பேக்கிங் சோடா, பலூன பாட்டில் வாயில மாட்டி நிமித்துனா சோடா உள்ள விழுந்து கார்பன் டை ஆக்சைடு வந்து பலூன் ஊதும். இடது காலம் சோடா எத்தன கிராம், வலது காலம் பலூனோட சுத்தளவு எத்தன சென்டிமீட்டர். கேள்வி தானா எழுதிக்கிச்சு: "வினிகர் அளவ மாத்தாம பேக்கிங் சோடாவ மட்டும் கூட்டிக்கிட்டே போனா வர்ற கேஸோட அளவும் கூடிக்கிட்டே போகுமா?"

இதோட முடியல, இங்கதான் சுவாரஸ்யமே. அவ முதல்ல 1, 2, 3, 4 கிராம்னு போட்டிருந்தா. அப்படி செஞ்சா ரிசல்ட் "சோடா கூடுனா கேஸ் கூடுது"ன்னு வரும், கடையிலேருந்து வாங்கிட்டு வர்றதுக்கு முன்னாடியே நம்ம எல்லாரும் சொல்லியிருப்போம். 12 கிராம் வரைக்கும் போன்னு சொன்னேன். சாதாரண வினிகர்ல அசிட்டிக் ஆசிட் சுமார் 5 சதவீதம், அப்போ 100 மில்லியில 5 கிராம் ஆசிட் இருக்கும், அத முழுசா தீக்கறதுக்கு கிட்டத்தட்ட 7 கிராம் சோடா போதும். அதுக்கு மேல எவ்ளோ கொட்டினாலும் சோடா மிச்சமா நிக்குமே தவிர பலூன் அசையாது. ஆக 4 கிராமோட நிறுத்துனா நீங்க பாக்கறது கதையோட முதல் பாதி, 12 வரைக்கும் போனாதான் கிராஃப் மேல ஏறி ஒரு இடத்துல படுத்துக்கறது தெரியும். கேள்வியில எதுலேருந்து எது வரைக்கும் மாத்தப்போறோம்ங்கிறதும் கேள்வியோட பாகம்தான், நெறைய பேரு இத மறந்துடறாங்க.

அப்புறம் அவ கிராஃப் போட்டுட்டு வந்து, "7 கிராம் வரைக்கும் நேர் கோடாதான வரணும், ஏன் ஆரம்பத்துலயே வளையுது"ன்னு கேட்டா பாருங்க, எனக்கே சந்தோஷமாயிடுச்சு. விஷயம் என்னன்னா, சுத்தளவு கேஸோட அளவு இல்ல. பலூன் உருண்டையா இருக்குன்னு வெச்சுக்குவோம், உள்ள 1 லிட்டர் கேஸ் இருந்தா சுத்தளவு சுமாரா 39 சென்டிமீட்டர், அதுவே 2 லிட்டர் ஆனா 49தான். கேஸ் ரெண்டு மடங்கு, டேப்புல ஏறுனது வெறும் பத்து சென்டிமீட்டர். சுத்தளவுலேருந்து கனஅளவ கணக்கு போட்டு எடுத்தா கோடு நேராகிடும். அதனால வலது காலத்துல என்ன எழுதறோமோ அது நெஜமாவே நாம தெரிஞ்சுக்க நெனைக்கிற விஷயம்தானா, இல்ல அதோட நிழலான்னு ஒரு தடவ யோசிங்க.

இப்ப கேள்விய கெடுக்கற சில வார்த்தைங்க. முதல் எதிரி "நல்லா", "சிறந்த". எந்த சோப்பு சிறந்ததுன்னு கேட்டா டேபிளே போட முடியாது, நுரையா வாசனையா கறை போறதா விலையா? ஒரே மாதிரி துணித்துண்டு, அதுல ஒரே அளவு மை, ஒரே நேரம் ஊற வெச்சு, எவ்ளோ கறை மிச்சம்னு ஃபோட்டோ எடுத்து ஒப்பிடறதுன்னு எறங்கி வந்தாதான் வழி பொறக்கும். ரெண்டாவது "ஏன்". ஏன் வானம் நீலம், ஏன் இலை பழுக்குது, எல்லாமே அருமையான கேள்விங்க, ஆனா அதுக்கு பதில் லைப்ரரியில கெடைக்கும், உங்க மேஜை மேல கெடைக்காது. "ஏன்"ன "எத மாத்துனா எது மாறும்"னு திருப்பிப் போடுங்க. மூணாவது "பாதிக்குமா". இது பாக்க விஞ்ஞானமா இருக்கும், ஆனா எது எத எவ்ளோன்னு ஒண்ணும் சொல்லாது. செடிய ஒளி பாதிக்குமா? பாதிக்கும், எல்லாருக்கும் தெரியும், அடுத்து?

கேள்விய ஒடச்சு ரெண்டாக்குறது எவ்ளோ வேல செய்யும்ங்கறதுக்கு டார்வின் நல்ல உதாரணம். மண்புழுவுக்கு காது கேக்குமான்னு அவருக்கு ஒரு சந்தேகம். விசில் ஊதி பாத்தாரு, பஸூன்னு ஒரு பெரிய ஊதுற வாத்தியம், அத ஊதச்சொல்லி பாத்தாரு, பியானோவ பக்கத்துல வெச்சு சத்தமா வாசிச்சாங்க, புழுங்க கண்டுக்கவே இல்ல. சாதாரண ஆளா இருந்தா காது கேக்காதுன்னு எழுதிட்டு போயிருப்பான். அவரு அதே புழு இருக்கற தொட்டிய பியானோ மேலயே தூக்கி வெச்சு ஒரு கட்டைய தட்டுனாரு, உடனே ரெண்டு புழுவும் வளைக்குள்ள ஓடிடுச்சு. காத்துல வர்ற சத்தம் வேற, அடியிலேருந்து வர்ற அதிர்வு வேற. "காது கேக்குமா"ங்கற ஒரு கேள்வி ரெண்டு டேபிளா பிரிஞ்சப்பதான் பதில் வந்துச்சு. இத அவரு 1881ல புத்தகமா வெளியிட்டாரு. செடிக்கு பாட்டு போட்டா வளருமான்னு ப்ராஜெக்ட் செய்ய நெனைக்கறவங்க, ஸ்பீக்கரோட அதிர்வு, ஸ்பீக்கரோட சூடு இதெல்லாம் எந்த பக்கம் போகும்னு முதல்ல யோசிங்க.

அடுத்து, அளக்க முடியுங்கறது வேற, உங்ககிட்ட இருக்கற சாமான வெச்சு அளக்க முடியுங்கறது வேற. ஊசல எடுத்துக்குங்க. 25 சென்டிமீட்டர் நூல்ல கட்டித் தொங்க விட்ட குண்டு ஒரு தடவ போயிட்டு வர சுமாரா 1 செகண்ட் ஆகும், 1 மீட்டர் நூல்னா 2 செகண்ட். ஸ்டாப்வாட்ச்ச அமுக்குற நம்ம கை சர்வசாதாரணமா 0.2 செகண்ட் தப்பு பண்ணும். ஒரே ஒரு ஆட்டத்த அளந்தா அஞ்சுல ஒரு பங்கு தப்பு, அதுல என்னத்த கண்டுபிடிக்கிறது. இருவது ஆட்டத்துக்கு நேரம் எடுத்து இருவதால வகுத்தா அதே கை தப்பு 0.01 செகண்டா சுருங்கிடும். பேப்பர் ஹெலிகாப்டர் கீழ எறங்கற நேரம் மாதிரி ஒரு தடவதான் நடக்கும்னா, ஃபோன்ல வீடியோ எடுத்து ஃப்ரேம எண்ணுங்க, செகண்டுக்கு 30 ஃப்ரேம்னா ஒரு ஃப்ரேம் 0.03 செகண்ட் சுமார், கைய விட எவ்ளோவோ மேல்.

ஊசல்லயே இன்னொண்ணு. குண்டோட எடைய கூட்டுனா ஆட்டம் வேகமாகுமான்னு ஒரு பையன் கேட்டு, செஞ்சு பாத்து, நேரம் மாறவே இல்லைன்னு வந்ததும் மூஞ்ச தொங்கப் போட்டுக்கிட்டு "ப்ராஜெக்ட் ஃபெயிலாயிடுச்சு"ன்னான். டேய், அதுதான்டா பதில்! "மாறல"ங்கறதும் ரிசல்ட்தான், அத தைரியமா சார்ட்ல பெரிய எழுத்துல போடலாம். ஒரே ஒரு கவனம், பெரிய குண்டு மாட்டும்போது அதோட நடுப்பகுதி கீழ எறங்கி நூல் நீளம் தெரியாமலே கூடிடும், அதனால நீளத்த எப்பவும் குண்டோட நடு வரைக்கும் அளக்கணும், இல்லைன்னா எடையாலதான் மாறுச்சுன்னு தப்பா நெனச்சுக்குவீங்க.

கேள்வி புடிச்சிருச்சு, டேபிளும் போட்டாச்சுன்னா உடனே காலண்டர எடுங்க. அஞ்சு அளவு, ஒவ்வொண்ணும் மூணு தடவ, மொத்தம் 15 தடவ. பலூன் சோதனைக்கு கழுவி தொடைக்கிறதோட சேத்து தடவைக்கு பத்து நிமிஷம்னா ரெண்டரை மணி நேரம், ஒரு ஞாயித்துக்கிழமையில முடிஞ்சுடும். உப்புத்தண்ணியில விதை முளைக்குமாங்கற மாதிரி கேள்வின்னா கத வேற. ஒரு தொட்டிக்கு ஒரு விதைன்னு போட்டு, அந்த ஒரு விதை சொத்தையா இருந்துட்டா, உப்பாலதான் முளைக்கலைன்னு எழுதிடுவீங்க. ஒரு அளவுக்கு இருவது விதையாவது போடுங்க, அஞ்சு அளவுன்னா நூறு விதை, அதுல ஒரு அளவு உப்பே இல்லாத வெறும் தண்ணி, எத்தன நாள் கழிச்சு எண்ணப்போறோம்ங்கறதையும் முன்னாடியே எழுதி வெச்சுடுங்க. மாசக் கணக்குல வளர வேண்டிய மரக்கன்னு, பழம் காய்க்கிற செடி இதெல்லாம் ரெண்டு வாரத்துல சமர்ப்பிக்கணும்னா மறந்துடுங்க.

சில கேள்விங்க பாக்க ரொம்ப சுளுவா தெரியும், கால வாரி விட்டுடும். சூடான தண்ணி பச்சத்தண்ணிய விட சீக்கிரம் உறையுமாங்கறது அந்த ரகம். 1963ல டான்சானியாவுல எராஸ்டோ ம்பெம்பாங்கற ஸ்கூல் பையன் ஐஸ்கிரீம் செய்யும்போது கவனிச்சு கேட்டது, மத்தவங்க கிண்டல் பண்ணியும் விடாம கேட்டு, 1969ல டெனிஸ் ஆஸ்போர்னுங்கற இயற்பியல் பேராசிரியரோட சேந்து கட்டுரையாவே போட்டான். பையன் கேட்டது தங்கமான கேள்வி. ஆனா "உறைஞ்சுது"ன்னா எது, முதல் ஐஸ் துணுக்கா, முழுசா கட்டியானதா, தெர்மாமீட்டர் 0 காட்டுறதா? ஆவியாகி போன தண்ணி எவ்ளோ, தெர்மாமீட்டர எந்த ஒயரத்துல வெச்சோம்? இதுல எது மாறினாலும் ரிசல்ட் மாறும், இன்னைக்கு வரைக்கும் விஞ்ஞானிங்களே இதுல சண்ட போட்டுக்கிட்டுதான் இருக்காங்க. ஆசை இருந்தா செய்ங்க, வேணாம்னு சொல்லல, கைவசம் நெறைய நாள் இருந்தா மட்டும்.

பாக்டீரியா, பூஞ்சை வளக்கறது, மனுஷங்கள வெச்சு சோதனை பண்றது, சர்வே எடுக்கறது, நாய் பூனை எலி இதெல்லாம் வர்ற கேள்விங்களுக்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டீச்சர்கிட்ட பேசி அனுமதி வாங்கிடுங்க. ஐசெஃப் மாதிரி சர்வதேச போட்டிகள்ல வீட்டுல பாக்டீரியா வளக்கவே கூடாது, மனுஷங்கள வெச்சு செய்யறதுக்கு முன்கூட்டியே ஒரு குழு ஒப்புதல் தரணும். செஞ்சு முடிச்சப்புறம் போய் கேட்டா மொத்த உழைப்பும் போச்சு.

கடைசியா, கேள்விய ஒரே வரியில எழுதி, ப்ராஜெக்ட் பத்தி ஒண்ணுமே தெரியாத ஒருத்தர்கிட்ட, அண்ணனோ பாட்டியோ பக்கத்து வீட்டு பையனோ, குடுத்து "இத செய்யச் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு கேளுங்க. அவங்க சொல்றதும் நீங்க டேபிள்ல போட்டதும் ஒத்துப் போச்சுன்னா சாமான் வாங்க கெளம்பலாம். "எவ்ளோ ஊத்தணும்? எத்தன நாள்? பெருசுன்னா என்ன?"ன்னு திருப்பிக் கேட்டாங்கன்னா, அவங்க கேட்ட ஒவ்வொண்ணையும் கேள்விக்குள்ள சேத்து திரும்ப எழுதுங்க. அந்தப் பொண்ணு மொத்தம் நாலு தடவ எழுதுனா, நாலாவதுலதான் அவ பாட்டிக்கு புரிஞ்சுது.